பினாங்கில் என்னை இறங்கவிடாத லேகியம்

கொட்டாஞ்சேனைக் கோவிலில் வெள்ளிக்கிழமைதோறும் எனக்காக முழங்காலில் நின்ற சகோதரிகளே, கஞ்சா தின்கிறவள் என்று பெயர் எடுத்து, புருஷனும் பிள்ளையும் இருக்கிற நாட்டுக்குள் இனிக் கால் வைக்கக்கூடாது என்ற கட்டளையோடு கப்பலில் திருப்பி அனுப்பப்பட்ட அன்னம்மா நான்தான். கர்த்தர் அந்தக் கதவை எப்படித் திறந்தார் என்று சபையில் எழுந்து சொல்லும்படி எஸ்தர் அக்கா பல தடவை கேட்டார். பிறகு அவரே, "வேண்டாம் தங்கச்சி, நீர் வாயால சொன்னால் பாதியில கோவம் வந்து எங்கேயோ போயிடுவீர். எழுதித் தாரும், நான் வாசிக்கிறன்" என்றார். எழுதும்போதும் கோபம் வரத்தான் செய்கிறது. வந்த இடத்தில் அப்படியே விட்டிருக்கிறேன். அக்கா வேண்டுமானால் தாண்டி வாசிக்கட்டும்.

என் வீட்டுக்காரர் மலாயாவில் ரயில்வே கந்தோரில் கிளாக்கர். ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன் என்று ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். எங்களுக்கு ஒரே பிள்ளை, நேசம். அப்போது அவளுக்கு ஆறு வயது. புது ராசாவுக்கு முடிசூட்டிய அந்த வருஷத் தொடக்கத்தில், இங்கே கொழும்பில், வெள்ளவத்தையில் என் அண்ணர் வீட்டில் எங்கள் கடைசித் தங்கச்சியின் கலியாணம் நடந்தது. இவருக்கு லீவு கிடைக்கவில்லை. பிள்ளையை இவரிடம் விட்டுவிட்டு நான் மட்டும் வந்தேன். கலியாணம் முடிந்ததும் அடுத்த கப்பலில் திரும்புவதாக ஏற்பாடு.

மலாயாவில் இருக்கிற எங்கள் ஆட்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒருவர் ஊருக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டால் போதும். ஒருத்திக்கு ஒடியல் மா வேண்டும், இன்னொருத்திக்குப் பனங்கட்டி, யாரோ ஒருவருக்குச் சுருட்டு, அவருடைய மாமியாருக்கு வேப்பம்பூ வடகம். மறுத்தால், பெரிய ஆளாகிவிட்டாள் என்பார்கள். கட்டித் தருகிற பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால், எங்களைக் கள்ளர் என்று நினைக்கிறாளோ என்பார்கள். ஆகவே மறுக்கவும் கூடாது, பிரிக்கவும் கூடாது. அதோடு, சுங்கத்தில் கேட்டால் எல்லாம் என்னுடையது என்று சொல்லிவிட வேண்டும். பிறத்தியாரின் சாமான் என்று சொன்னால் வியாபாரத்துக்குக் கொண்டுவருகிறாய் என்று வரி போடுவார்கள். கப்பல் ஏறுகிற எங்கள் பெண்கள் எல்லாருக்கும் இது மனப்பாடம். எனக்கும் மனப்பாடம்தான்.

அங்கே எங்கள் சபையின் மூப்பர் ஒருவர். அவரை ஞானமுத்து ஐயா என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான பெயர் அது அல்ல. என் வீட்டுக்காரருக்கு மேலே இருந்த பெரிய கிளாக்கரும் அவர்தான். முதல் மனைவி காலமாகிப் பல வருஷம் கழித்து, தலை நரைத்த பிறகு, தங்கம் என்று என்னைவிட இளையவள் ஒருத்தியை முடித்தவர். தங்கம் நல்லவள். பக்கத்து வீடு. நான் இல்லாத நாட்களில் நேசத்துக்கு மத்தியானச் சாப்பாடு கொடுப்பதாக அவளே பொறுப்பேற்றாள். நான் புறப்படுகிற நேரம் மூப்பர் வாசல் படலைவரை வந்தார். அக்கம்பக்கம் பார்த்தார்.

"பிள்ளை, கொழும்பில ஜிந்துப்பிட்டியில ஒரு வைத்தியர் இருக்கிறார். என்ர பேரைச் சொன்னால் ஒரு லேகியம் தருவார். எனக்குக் கனகாலமாய் வாயு. ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம், பிறகு எல்லாரும் தங்களுக்கும் எண்டு கேப்பினம்."

வாயுவுக்கு எதற்கு இவ்வளவு ரகசியம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஜிந்துப்பிட்டிக்குப் போனேன், வாங்கினேன். வாயில் துணி கட்டி மெழுகு வைத்த ஒரு சின்னச் சாடி. ஒடியல் மாவுக்கும் சுருட்டுக்கும் நடுவில் பெட்டியில் வைத்தேன்.

பினாங்கில் சுங்கத்தார் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரரும் நேசமும் நிற்கிறார்கள். பிள்ளை எனக்குக் கையைக் காட்டுகிறாள். எனக்கோ எப்போது முடியும் என்று இருக்கிறது. உத்தியோகத்தர் சாடியை எடுத்து, மெழுகை உடைத்து மோந்து பார்த்து, இது யாருடையது என்று கேட்டார். என்னுடையது என்றேன். என்ன இது என்றார். மருந்து என்றேன். யார் சாப்பிடுவது என்றார். தயங்கினால் வரி போட்டுவிடுவான் என்று பயந்து, என் இங்கிலீஷ் முழுவதையும் திரட்டி, "நான்தான் சாப்பிடுகிறேன். ஒவ்வொரு நாளும் சாப்பிடுகிறேன். சாப்பிடாவிட்டால் எனக்கு நித்திரை வராது" என்று சொன்னேன். அந்த மனிதன் அதை ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டான்.

லேகியத்தில் கஞ்சா இருந்தது. சோதித்துப் பார்த்து அப்படிச் சொன்னார்கள். என்னை ஒரு விடுதியில் தடுத்து வைத்து, பிறகு நீதவான் முன் நிறுத்தினார்கள். அது என்னுடையது அல்ல, வேறொருவருக்கு வாங்கி வந்தது என்றேன். யாருக்கு என்று கேட்டார். விடுதிக்குப் பார்க்க வந்தபோதே நான் எல்லாம் சொல்லியிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் லேசாகத் தலையை ஆட்டினார், சொல்லாதே என்று. மேலதிகாரி அல்லவா! மூப்பர் பெரிய மனிதர், நாளைக்கே தானாக வந்து சொல்லுவார் என்று நானும் நம்பி வாயை மூடிக்கொண்டேன். அவர் வரவில்லை. அபராதம் விதித்தார்கள். அதோடு விட்டிருந்தால் கட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். இப்படிப்பட்டவர் இந்த நாட்டில் இருக்கக்கூடாது, இனி இறங்கவும் கூடாது என்று கட்டளை போட்டு, வந்த வழியே கப்பலேற்றினார்கள். கப்பல் நகரும்போது நேசம் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினது எனக்குக் கேட்டது. என்ன கத்தினாள் என்று விளங்கவில்லை.

கொழும்புக்கு வந்து சேர்ந்தால், ஊரே கொண்டாட்டத்தில் இருந்தது. கோட்டை முழுவதும் கொடியும் மின்விளக்கும். ராசாவுக்கு முடி, எனக்கு முக்காடு. அண்ணர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விளக்குப் பார்க்கப் போனார். நான் வெள்ளவத்தையில் அண்ணர் வீட்டு ஒழுங்கையின் முடிவில், ரயில் பாதைக்கு அப்பால், கல்லில் இருந்து கடலைப் பார்த்தேன். கிழக்கே போகிற கப்பல்கள் அந்தக் கரையோரமாகத்தான் தெற்கே இறங்கிப் போகும். ஒவ்வொரு கப்பலும் எனக்குப் பழிப்புக் காட்டிக்கொண்டு போவதாகவே எனக்குப் பட்டது.

அண்ணர் அளுத்கடைக் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு புறொக்டரிடம் கிளாக்கராக இருந்தார். மனு எழுதுவதில் அவருக்குப் பெரிய பிரியம். என் விஷயத்தை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். அவர் வாரக்கணக்காக எழுதினார். "தாழ்மையுடன்" என்ற சொல்லை எங்கெங்கே போடலாம் என்று பார்த்துப் பார்த்துப் போட்டார். "அண்ணை, நான் என்ன தாழ்மையாவோ இருக்கிறன்? கோவமாயெல்லோ இருக்கிறன்" என்றேன். "கோவத்தை மனுவில எழுதேலாது அன்னம்" என்றார். மூப்பர் தானாக வரப்போவதில்லை என்று அதற்குள் தெரிந்துவிட்டதால், அவருடைய பெயரை மட்டும் அதில் எழுதவைத்தேன்.

அந்த மனுவைத் தூக்கிக்கொண்டு நான் ஏறாத படி இல்லை. கப்பல் கம்பனியில், டிக்கட் தருகிறோம், ஆனால் அங்கே உங்களை இறங்கவிடமாட்டார்கள், திருப்பிக் கொண்டுவருகிற செலவு எங்கள் தலையில் விழும் என்றார்கள். சர்க்கார் கந்தோரில் வாசலில் நின்ற பியோன் என்னைக் கண்டதும் "அத பே, நோனா" என்று சிங்களத்தில் கையை விரிப்பான், இன்றைக்கு முடியாது என்று. எனக்கு என்ன வேண்டும் என்றுகூட அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. உள்ளே போக முடிந்த அன்று, இது மலாயாக்காரர் விஷயம், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். கடைசியில் மனு மலாயாவுக்குப் போய், பதிலும் வந்தது. சம்பந்தப்பட்டவர் அதைத் தினமும் சாப்பிடுவதாகத் தாமே ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் குறிப்பிட்ட கனவானை விசாரித்தோம், அவருக்கு இதைப்பற்றி ஒன்றும் தெரியாது என்கிறார். ஆகவே மறுபரிசீலனைக்கு இடமில்லை.

ஒன்றும் தெரியாதாம்!

அந்தச் சூட்டோடு நான் ஜிந்துப்பிட்டிக்கு ஓடினேன். வைத்தியர் கல்வத்தில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தார். இந்தியாவிலிருந்து வந்த மனிதர், மரியாதையாகப் பேசுகிறவர். "ஐயா, நீங்கள் தந்த மருந்தில கஞ்சா இருந்திருக்கு. ஆருக்குக் குடுத்தனீங்கள் எண்டு ஒரு கடதாசியில எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாங்கோ" என்றேன்.

"சிவமூலி சேரும்மா. அது சேராம அந்த மருந்தே கெடையாது. ஆனா யாருக்குன்னு எழுதித் தர முடியாதுங்க. அது வெளிய சொல்ற மருந்தில்ல."

"வாயு மருந்தைச் சொல்ல என்ன வெக்கம்?"

அவர் அரைப்பதை நிறுத்தினார். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "வாயுவுக்குன்னா சொன்னாங்க? இது வயசான ஆம்பளைங்க, புதுசா கல்யாணம் கட்டினா, கேட்டு வாங்குற மருந்தும்மா."

எனக்கு முகம் எரிந்தது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. என் பிள்ளையை என்னிடமிருந்து பிரித்தது இதுதானா? மனிதர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. அவர் இனித் திறக்கவேமாட்டார் என்பதும் விளங்கியது. சபையில் இராப்போசனத்துக்கு முன்வரிசையில் நிற்கிறவர் இதை எப்படிச் சொல்லுவார்? டிராம் வண்டியில் இருந்து வீடு வரை என் பாட்டில் புறுபுறுத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து வேறு இடத்துக்குப் போனார்கள்.

எல்லாவற்றையும் என் வீட்டுக்காரருக்கு எழுதினேன். பதில் எழுதினார். இது கர்த்தருடைய சித்தம், பொறுத்திருப்போம் என்றார். கர்த்தருடைய சித்தமோ, உங்களுடைய பயமோ என்று நான் திருப்பி எழுதினேன். அடுத்த கடிதத்தில் எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து ஒன்று எழுதினார் பாருங்கள். மூப்பர் ஐயா ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனையில் என் பெயரைச் சொல்லி, அடிமைத்தனத்தில் அகப்பட்ட எங்கள் சகோதரியை விடுவியும் என்று கண்ணீரோடு ஜெபிக்கிறாராம். சபை முழுவதும் உருகுகிறதாம். அன்றைக்கு அண்ணர் வீட்டில் ஒரு மண்சட்டி உடைந்தது. தானாக உடையவில்லை.

இந்த நிலைமையில்தான் நான் உங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வந்தேன். பக்தியால் வரவில்லை, சகோதரிகளே. அண்ணரின் வீட்டுக்காரி என்னை வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாமல் அனுப்பினார். நீங்கள் எல்லாரும் என்னைச் சுற்றி நின்று, இந்தச் சகோதரிக்குப் பொறுமையைத் தாரும், மன்னிக்கிற இருதயத்தைத் தாரும் என்று ஜெபித்தீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை. நான் கேட்டது கப்பலில் ஒரு இடம். நீங்கள் வாங்கித் தரப் பார்த்தது புது இருதயம். பாதி ஜெபத்தில் கண்ணைத் திறந்து, "எனக்குப் பொறுமை வேண்டாம்! அந்த மனுசன்ர வாயைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கோ, கேக்கிறதெண்டால்!" என்று கத்திவிட்டேன்.

யாராவது என்னைக் கண்டிப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எஸ்தர் அக்கா கண்ணை மூடியபடியே, "சரி. ஆண்டவரே, அந்த மனுசன்ர வாயைத் திறவும். எங்களுக்கு வேற ஒண்டும் இப்ப வேண்டாம்" என்றார். நீங்கள் எல்லாரும் ஆமென் சொன்னீர்கள். அதுதான் என்னை உடைத்தது. நான் திருப்பி அனுப்பப்பட்ட பிறகு முதல் தடவையாக அன்றுதான் ஒருவர் நான் கேட்டதைக் கேட்டபடியே செய்தார்.

அதன்பின் ஒவ்வொரு வெள்ளியும் அதே ஜெபம். ஆனாலும் ஒன்றும் நடக்கவில்லை. மழைக்காலம் வந்தது, போனது. நத்தார்ப் பண்டிகை வந்தது. அண்ணர் பிள்ளைகளுக்குப் புது உடுப்புத் தைத்தார்கள். நேசத்துக்கு யார் தைத்திருப்பார்கள் என்று நினைத்து நான் கோவிலில் பாட்டுப் பாட முடியாமல் வெளியே வந்தேன். அன்று கர்த்தரிடம் மரியாதையாகப் பேசவில்லை. "உமக்கு என்னதான் வேணும்? நான் பொய் சொன்னனான், சரி. எத்தினை பேர் அதே பொய்யைச் சொல்லிப்போட்டு வீட்டை போய்ச் சேர்ந்தவை? என்னை மட்டும் ஏன் பிடிச்சு வைச்சிருக்கிறீர்? என்ர பிள்ளை என்னை மறந்துபோனால் நீர் பொறுப்போ?" என்று கேட்டேன். எனக்கு நம்பிக்கை விட்டுப்போனது. அடுத்த வெள்ளி நான் வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை. நான் வராத அந்த நாட்களிலும் நீங்கள் அதையே ஜெபித்தீர்கள் என்று பிறகு அறிந்தேன்.

தைப்பொங்கல் கழித்து ஒரு சனிக்கிழமை. காலையில் நான் முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். ஒழுங்கையில் இரண்டு றிக்ஷோ வந்து நின்றன. முன்னதில் இருந்து இறங்கியது தங்கம். அவளுடைய மடியில் இருந்து குதித்தது என் பிள்ளை.

சுளகு எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியாது. நேசம் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஒரு பல் விழுந்திருந்தது. உயர்ந்திருந்தாள். நான் வாய்விட்டு அழுதேன். அவள் அழவில்லை. என் முகத்துக்குக் கிட்ட மூக்கைக் கொண்டுவந்து, கவனமாக மோந்து பார்த்தாள்.

"அம்மா, நீங்கள் இன்னும் கஞ்சா சாப்பிடுறனீங்களோ?"

"என்ன? ஆர் உனக்குச் சொன்னது? நான் எப்ப சாப்பிட்டனான்?" நான் போட்ட சத்தத்தில் பிள்ளை பயந்து உதட்டைப் பிதுக்கினாள்.

"எல்லாரும் சொன்னவை. கோவிலிலயும் சொன்னவை. நான் ஒவ்வொரு நாளும் ஜெபம் பண்ணினனான்."

அப்போதுதான் இரண்டாவது றிக்ஷோவில் இருந்து மூப்பர் இறங்குவதைக் கண்டேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, படலைக்கு வெளியிலேயே நின்றார். எனக்கு என்ன வந்ததென்று சொல்ல வேண்டியதில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் தங்கம் என் கையைப் பிடித்து, "அக்கா, பிள்ளையைக் கொஞ்சம் கடல் பாக்க அனுப்புங்கோ. உங்களோட கதைக்கவேணும்" என்றாள். அண்ணர் நேசத்தைத் தன் பிள்ளைகளோடு கடற்கரைக்குக் கூட்டிப் போனார்.

உள்ளே வந்து இருந்தார்கள். மூப்பர் கதிரையின் விளிம்பில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. தங்கம்தான் சொன்னாள்.

"அக்கா, பிள்ளை எங்கட மேசையிலதானே மத்தியானம் சாப்பிடுறவ. இவர்தான் சாப்பாட்டு ஜெபம் சொல்லுறவர். ஒரு நாள் 'மாமா, நான் சொல்லட்டோ' எண்டு கேட்டா. சொல்லு எண்டார். 'ஆண்டவரே, இந்தச் சோத்துக்கு ஸ்தோத்திரம். எங்கட அம்மா கஞ்சா தின்னுறதை விட்டிட்டு கெதியாய் வரவேணும். மாமாட வாயுவையும் சுகப்படுத்தும்' எண்டு சொன்னா. வாயு எண்டுதானே இவர் வீட்டிலயும் சொல்லி வைச்சவர். நான் ஆமென் சொன்னன். இவர் சொல்லேல்லை. 'மாமா, ஆமென் சொல்லுங்கோ. எல்லாரும் சொல்லாட்டி ஜெபம் போய்ச் சேராது' எண்டு பிள்ளை கரண்டியை வைச்சிட்டு இருந்திட்டா. இவர் சொன்னார்.

"அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவதான். இவர் சாப்பிட வாறதையே விட்டார், கந்தோரில வேலை எண்டு சொல்லி. பிள்ளை மாமா வரும்வரை சாப்பிடமாட்டன் எண்டு பட்டினி கிடந்தா. நான் ஆளனுப்பி வரச் சொன்னன். இவர் மெலிஞ்சு போனார். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, வருத்தமாக்கும் எண்டு நினைச்சன். நத்தார் கழிஞ்ச கையோட ஒரு நாள், பிள்ளை ஜெபத்தை முடிச்சிட்டு இவரைப் பாத்தா. ஆமென் சொல்ல வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது. எனக்கு எல்லாத்தையும் சொன்னார். நான் சொன்னன், எனக்குச் சொல்லி என்ன, போய் துரைக்குச் சொல்லுங்கோ எண்டு."

போயிருக்கிறார். நீதவான் முன் சத்தியம் பண்ணி, லேகியம் தனக்கு, இன்ன காரணத்துக்கு, அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருக்கிறார். இப்படி ஒரு வெட்கக்கேட்டை எந்த மனிதனும் பொய்யாகத் தலையில் போட்டுக்கொள்ளமாட்டான் என்று துரையே சொன்னாராம். என் தடையை நீக்கக் கட்டளையாகிவிட்டது, எழுத்தில் வந்து சேரக் கொஞ்ச நாள் எடுக்கும். மூப்பர் வேலையை விட்டு ஓய்வு எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போகிற வழி. அதுவரை பிள்ளை தாயில்லாமல் இருக்கவேண்டாம் என்று என் வீட்டுக்காரர் அவர்களோடு அனுப்பியிருக்கிறார்.

நாங்கள் இங்கே கொட்டாஞ்சேனையில், அந்த மனிதனின் வாயைத் திற என்று ஒவ்வொரு வெள்ளியும் கேட்டோம். அங்கே ஒவ்வொரு மத்தியானமும் அது நடந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரு சொல் தெரியாது.

அப்போது மூப்பர் முதல் தடவையாகப் பேசினார். "பிள்ளை, நான் உமக்குச் செய்தது பெரிய துரோகம். மன்னிப்புக் கேக்கவும் எனக்கு முகமில்லை. ஒண்டு மட்டும்... அங்க எங்கட சபைக்கு இது தெரியாது. துரை வெளியில விடேல்லை. அவைக்குத் தெரியவந்தால் நான் உயிரோட இருந்து பிரயோசனமில்லை."

என் காதுகளை என்னால் நம்ப முடியவில்லை. ஏறக்குறைய ஒரு வருஷம், ஞாயிறு தவறாமல், என்னைக் கஞ்சாக்காரி என்று சபை நடுவில் ஜெபத்தில் இழுத்தவர், இப்போது தன் மானத்தை நான் காப்பாற்ற வேண்டும் என்கிறார்! நான் எழுந்துவிட்டேன். சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக நாக்கில் வந்து நின்றது. பிள்ளை வரட்டும், பிள்ளைக்கு முன்னால் இந்த மனிதரையே சொல்லவைக்கிறேன் என்று தீர்மானித்தேன். என் பிள்ளையிடம் என் பெயர் சுத்தமாக வேண்டும். ஊருக்கு என்ன தெரிந்தாலும் பரவாயில்லை, அவளுக்கு உண்மை தெரிய வேண்டும்.

நேசம் ஈரக் காலோடு ஓடிவந்தாள். நேரே என்னிடம் வந்து, நான் முன்பு கத்தினதால் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு, மெதுவாகக் கேட்டாள். "அம்மா, விட்டிட்டீங்களோ?"

மூப்பர் நிலத்தைப் பார்த்தார். தங்கம் என்னைப் பார்த்தாள். நான் பிள்ளையைப் பார்த்தேன். அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. கஞ்சா என்றால் என்ன என்றே அவளுக்குத் தெரியாது. தன் ஜெபத்தை ஆண்டவர் கேட்டாரா, இல்லையா? அதுதான் அவளுக்குத் தெரிய வேண்டும். சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு, பசியோடு, நாள்தோறும் கேட்ட ஜெபம். அதில் ஒரு சொல்கூடச் சரியில்லை. ஆனால் அது என்னைக் கொண்டுவந்துவிட்டது. கேட்கவில்லை என்று நான் எப்படிச் சொல்வேன்?

"விட்டிட்டன் பிள்ளை" என்றேன்.

"முழுக்கவோ?"

"முழுக்க."

அவள் துள்ளிக் குதித்தாள். "மாமா! அம்மா விட்டிட்டா! ஆமென் சொல்லுங்கோ!"

அவர் சொன்னார். முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டு சொன்னார். என்ன மாயமோ, என் நாக்கில் வரிசையாக நின்றதெல்லாம் போய்விட்டது. நீங்கள் முதல் வெள்ளிக்கிழமை எனக்காகக் கேட்ட அந்த இருதயத்தை, நான் வேண்டாம் என்று கத்தினதை, ஆண்டவர் என்னைக் கேட்காமலே தந்துவிட்டார். அதற்கும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனாலும் அன்று அவர்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டேன். எங்கள் மேசையில் மூப்பர் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ரயிலேறப் புறப்படும்போது, "கர்த்தர் செய்ததை மறைக்கச் சொல்லேல்லைப் பிள்ளை. கொழும்பில சொல்லும். பேரையும் ஊரையும் மட்டும் விட்டிடும்" என்றார். விட்டிருக்கிறேன். தயவுசெய்து யாரும் கண்டுபிடிக்க முயலவேண்டாம்.

மாசி முடிவதற்குள் கட்டளை எழுத்தில் வந்தது. நானும் நேசமும் கப்பலேறினோம். அதே சுங்கம், அதே மேசை. எங்கள் சாமான் எங்களுடையது மட்டும். இப்போது லீவில் வந்திருக்கிறேன், திரும்பப் போகவும் போகிறேன். பொட்டலம் தருகிறவர்களுக்கு முன்னாலேயே பிரித்துப் பார்க்கிறேன். கோபிக்கிறவர்கள் கோபிக்கட்டும். என் வீட்டுக்காரரிடமும் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். இனிமேல் எந்த நீதவான் முன்னாலும் எனக்குத் தலையை ஆட்டக்கூடாது. அங்கே சபையில் என் விடுதலைக்காக ஒரு ஸ்தோத்திர ஆராதனையே வைத்தார்கள். நான் முன்வரிசையில் இருந்து, சிரித்த முகத்தோடு, கஞ்சாவில் இருந்து மீட்கப்பட்டவளாகக் கைகுலுக்கல் வாங்கிக்கொண்டேன். இதைவிடப் பெரிய சோதனை எனக்கு இனி வராது.

சகோதரிகளே, உங்களில் யாராவது அடைத்த கதவுக்கு முன்னால் நின்று கொண்டிருந்தால், பொறுமையாக இருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். நான் பொறுமையாக இருக்கவில்லை. கோபமாக வாருங்கள், ஆனால் வாருங்கள். உங்களால் கேட்க முடியாத வெள்ளிக்கிழமைகளில் உங்களுக்காகக் கேட்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். யாராவது உங்களைப் பற்றித் தப்பும் தவறுமாக ஜெபம் பண்ணினால், திருத்தப் போகாதீர்கள். கேட்கிறவருக்கு எது சரி என்று தெரியும்.

நேசத்துக்கு இப்போது எட்டு வயது. இன்னும் படுக்கப் போகுமுன், எங்கட அம்மா அதைத் திரும்பவும் தொடாமல் காத்தருளும் என்று முடிக்கிறாள். முடித்துவிட்டு ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பாள். நான் ஆமென் சொல்லும்வரை படுக்கமாட்டாள். நானும் ஒவ்வொரு நாளும் சொல்கிறேன்.